சர்வர் அறையும் வெற்றிடமும்

நம் கல்லூரிக்குப் புதிய சர்வர் அறையொன்று அமைக்கப்பெறும் எனக் கேள்வியுற்று யாம் பெரிதும் மகிழ்ந்தோம். ஆயின், அதற்கென எழுதிய வரைபடத்தைக் கண்டபோது அம்மகிழ்ச்சி பாதியாயிற்று. 5.6 மீட்டர் அகலமுள்ள அவ்வறையில் மூன்று வரிசை ரேக்குகளை, வகுப்பறைப் பெஞ்சுகளைப்போல, ஒரே திசை நோக்கி நிறுத்தக் கருதியிருக்கின்றனர். இரண்டு வரிசையே தகும் என்பது எம் துணிபு. அதன் காரணத்தை ஈண்டு எடுத்துரைப்பாம்.

ரேக் என்பது இரும்புச் சட்டங்களாலாகிய நெடிய அலமாரி. 19 அங்குலம் என்னும் அதன் அகல அளவு, பழைய தொலைபேசி நிலையங்களின் ரிலேச் சட்டங்களினின்று வந்தது. அதிற் பொருத்தப்படும் கருவிகள் முன்புறத்தே குளிர்காற்றை உட்கொண்டு பின்புறத்தே வெங்காற்றைக் கழிக்கின்றன. அவை கொள்ளும் மின்சாரம் ஏறக்குறைய முழுதும் வெப்பமாகவே வெளிப்படும். 5 கிலோவாட் கொள்ளும் ரேக் ஒன்று, 1 கிலோவாட் மின்னடுப்புகள் ஐந்தை இடைவிடாது எரிப்பதற்கு ஒப்பாம். பெஞ்சுகளைப்போல நிறுத்தினால், முன்வரிசை விட்ட வெம்மூச்சைப் பின்வரிசை இழுக்க நேரிடும் அன்றோ?

நம் கலியாண வீடுகளிற் பந்தி போடுவோர் இதனை நன்கறிவர். இரு வரிசை இலைகள் எதிரெதிரே விரிந்திருக்கும். நடுவே பரிமாறுவோர் செல்வர். அடுத்த பந்தியார் இவர்களுக்கு முதுகுகாட்டி அமர்வர். ஒருவர் முதுகுக்குப் பின்னே மற்றொருவர்க்கு இலைபோட எவரும் துணியார். 1992-ஆம் ஆண்டளவில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ராபர்ட் சல்லிவன் என்பார் இத்தகைய அறைகட்கு எடுத்துரைத்த முறையும் இதுவே. முகங்கள் நோக்கும் வழி குளிர்காற்றுக்கு. முதுகுகள் நோக்கும் வழி வெங்காற்றுக்கு. (உண்டிச்சாலையிற் பரிமாறுவோரையும் நாம் சர்வர் என்றே அழைத்தல் நல்ல பொருத்தந்தான்!)

இனிக் கணக்கைப் பார்ப்போம். ரேக்கின் ஆழம் 1.2 மீட்டர். இரண்டு வரிசைக்கு 2.4, நடுவே 1.2, இரு புறத்தும் சுவருக்கும் முதுகுக்கும் இடையே ஒவ்வொரு மீட்டர், ஆக 5.6. மூன்று வரிசை வைப்பின் எஞ்சுவது 2 மீட்டரே. அதனை நான்கு வழிகட்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றும் அரை மீட்டர். 2005-இல் வெளிவந்த டி.ஐ.ஏ.-942 என்னும் அமெரிக்க விதிநூலோ, முன்புறம் 1 மீட்டருக்கும் பின்புறம் 0.6 மீட்டருக்கும் குறையலாகாது என்றது. ஒரு வரிசையைச் சுவரோடு ஒட்டிவிடலாமே எனின், அதன் முதுகை அணுகுவார் யார்?

"வெற்றிடம் வீணன்றோ? குளிர்சாதனத்தைப் பெரிதாக்கினாற் போதுமே" என்பர் சிலர். குளிர்காற்று வெங்காற்றோடு கலந்தபின் எவ்வளவு பெரிய சாதனமும் பயன் குறையும்; மின்கட்டணமோ ஆண்டுதோறும் வரும். ஆஷ்ரே என்னும் பொறியாளர் சங்கத்தார் கருவியின் வாயிலிற் புகும் காற்று 18 முதல் 27 பாகை செல்சியஸ்வரை இருத்தல் நலம் என்பர். அறையின் ஒரு மூலையிலுள்ள வெப்பமானியைக் காட்டி அமைதியடைதல் பயனின்று. ரேக்கினுட் காலியான தட்டுகளை மூடும் தகடுகளையும் மறவாது வாங்குதல் வேண்டும். அவற்றின் விலை அற்பமே.

காற்றைவிட ஆளைப்பற்றியே எமக்குக் கவலை. முன்னர் ஓர் அலுவலகத்தில் இத்தகைய நெருக்கத்தை நேரிற் கண்டோம். இளைஞரான பணியாளர் ஒருவர் வெப்பம் வீசும் சந்தில் ஒருக்களித்துப் புகுந்து, பழுதான கம்பியைத் தேடுகையில், அவர் தோள் பட்டு வேறொரு மின்கம்பி கழன்றது. அன்று பிற்பகல் முழுதும் அலுவல் நின்றது. பழி அவர்மேல் விழுந்தது. வரைபடம் எழுதியவரை எவரும் வினவவில்லை. நம் கல்லூரியிலோ தேர்வு மதிப்பெண்களும் கட்டணக் கணக்குகளும் அவ்வறையிலேயே இருக்கப்போகின்றன.

ஆதலின் ரேக்குகளுக்கு ஆணை அனுப்புமுன், அறையின் தரையில் சுண்ணக்கட்டியால் வரிசைகளைக் கோடிட்டு, அங்குப் பணிபுரியப் போகின்றவர் கையில் ஒரு சர்வர் பெட்டியைக் கொடுத்து, அக்கோடுகட்கிடையே நடந்து திரும்பச் சொல்லுமாறு குழுவினரை வேண்டுகின்றோம்.