"சார், என் பையன் பேரைக் காணோமே?"

பள்ளிக்கூட மேட்சைப் பத்தி செய்தி எழுதறது சுலபம், மறுநாள் பெத்தவங்களைச் சமாளிக்கிறதுதான் கஷ்டம். சொன்னது நான் இல்லீங்க. அல்சூரில் எங்க தெருவிலேயே குடியிருக்கிற நண்பர். நாமெல்லாம் ஏசியில் பொட்டி தட்டும்போது, வெயிலில் நின்னு உள்ளூர் பத்திரிகைக்குப் பகுதிநேரமா ஸ்கோர் எழுதறவர்.

"50 அடிச்சவனைப் போட்டீங்க, 3 விக்கெட் எடுத்த என் பையன் எங்கே?", "போட்டோவில் முதுகுதான் தெரியுது", "கோச் வேணும்னே ஓரங்கட்டறார், அதை எழுதுங்க". இப்படித்தான் போன் வருமாம். பத்திரிகை கொடுக்கிறது பத்து வரி. ஆடறது 22 பசங்க. மனுஷன் என்ன பண்ணுவார்?

நம்ம ஆளுங்க போன் பண்றதுக்கு ஒரு நியாயமான காரணமும் உண்டு. நம்ம பசங்களுக்கு அப்பா பேர்தானே பின்னால ஒட்டிக்கிட்டு வருது? பேப்பர்காரங்க அதைக் குடும்பப் பேர்னு நினைச்சு, அதை மட்டும் போட்டுடுவாங்க. பையன் அரைசதம் அடிச்சா, ஆபீஸில் உட்கார்ந்திருந்த அப்பா அடிச்சதா செய்தி வரும் :-) இதுக்குத் தாராளமா போன் பண்ணலாம். தப்பான ஸ்கோருக்கும் பண்ணலாம். "இன்னும் கொஞ்சம் புகழ்ந்து எழுதுங்க"ன்னு பண்ணக்கூடாது. என் கட்சி அவ்வளவுதான்.

ஏன்னு கேட்டா, அந்தப் பத்து வரி ரப்பர் இல்லை. ஒருத்தன் உள்ளே வந்தா இன்னொருத்தன் வெளியே போகணும். இங்கே பக்கத்திலேயே கௌதமபுரம் இருக்கு. நம்ம தமிழ் ஜனங்க நிறைய இருக்கிற இடம், கால்பந்துன்னா உயிர். பெலேவுக்கே சிலை வெச்சிருக்காங்கன்னா பாத்துக்கோங்க. அந்த மாதிரி தெருவிலிருந்து வர்ற பையனோட அப்பாகிட்ட நிருபர் நம்பர் இருக்குமா? இருந்தாலும், வேலையை விட்டுட்டுக் கூப்பிட்டு வாதாடுவாரா? போன் பண்றவர் பையனுக்கு இடம் கிடைச்சா, போன் பண்ணத் தெரியாதவர் பையனுக்குத்தான் நஷ்டம்.

பெரிய இடத்துப் பசங்க விஷயத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. 2018 ஜனவரியில் பெங்களூருவில் 14 வயசுக்குட்பட்டோர் பள்ளி மேட்ச். மல்லையா அதிதி பள்ளி 500 ரன் குவிச்சது. ராகுல் திராவிட் மகன் சமித் 150, சுனில் ஜோஷி மகன் ஆர்யன் 154. நாலு ரன் கூட அடிச்சவன் ஆர்யன்தான். ஆனா நான் பார்த்த தலைப்புகளில் திராவிட் பேர்தான் முன்னால. இதில் பசங்க மேல தப்பே இல்லை. அப்பன் பேரை வெச்சு எழுதினா இப்படித்தான் ஆகும். எதிரணி 88க்கு ஆல் அவுட். அந்தப் பசங்க பேர் யாருக்காவது ஞாபகம் இருக்கா?

2016 ஜனவரியில் மும்பை பக்கம் கல்யாணில் பிரணவ் தனவாடே 1009 ரன் அடிச்சு உலகச் செய்தி ஆனான். எதிரணி எடுத்தது ரெண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 83. அந்தப் பசங்களோட அம்மாக்கள் மறுநாள் பேப்பரை எப்படிப் பிரிச்சிருப்பாங்க?

அதனால நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேட்ச் விட்ட 13 வயசுப் பையன் பேரைப் போடாதீங்க. கேட்ச் நழுவியதுன்னு எழுதினாப் போதும். போன் வந்தா எல்லாருக்கும் ஒரே பதில் சொல்லுங்க: "ஸ்கோர் புக்கைப் பாத்து எழுதறேன், தப்பு இருந்தா திருத்தறேன்." மைதானத்தில் பெத்தவங்க வாங்கித் தர்ற காபி வடைகூட வேண்டாம்.

நமக்கு இந்த ஊரில் சொந்தபந்தம் கிடையாது. பேப்பர் கட்டிங்கை ஊருக்கு அனுப்பினா தாத்தா பாட்டி தெருவெல்லாம் காட்டுவாங்க. அந்த ஆசை எனக்கும் புரியுது. ஆனா 2015 டிசம்பரில் பட்டோடி நினைவுச் சொற்பொழிவில் திராவிட், பசங்க வயசைக் குறைச்சுக் காட்டற பெத்தவங்களையும் கோச்களையும் போட்டுத் தாக்கினார். பையனுக்குப் பொய் சொல்லக் கத்துக் கொடுக்கிறதா ஆயிடாதாங்கிறது அவர் கவலை. செய்திக்கு சிபாரிசு பிடிக்கிறது அந்த அளவுக்குப் பெரிய குத்தம் இல்லைதான். ஆனா அப்பா போன் பண்ணினாத்தான் பேர் வரும்னு பையன் கத்துக்கிட்டான்னா, அப்புறம் எதுக்கு அவன் நெட்ஸுக்குப் போகணும்?

டிஸ்கி: தாத்தாவுக்கு அனுப்ப கட்டிங் இல்லையா? பையனையே போனில் மேட்ச் கதையைச் சொல்லச் சொல்லுங்க. பத்து வரியைவிட நீளமா வரும்.