நுங்கம்பாக்கத்துத் தூண்

ஆசிரியருக்கு,

பருவமழையை வெள்ளச் செய்தியாக மட்டுமே நகரவாசிகள் அறிகின்றனர் என்ற சென்ற இதழ்க் கட்டுரையின் கருத்து முற்றிலும் ஏற்கத்தக்கது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் தரும் வடகிழக்குப் பருவக்காற்று அக்டோபரில் திரும்பும்போது மாடியில் நின்று மேகம் பார்ப்போர் அருகிவிட்டனர். அதனினும் வியப்பு, 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி நுங்கம்பாக்கத்தில் எழுப்பிய வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளுடன் வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்பதை, இக்கடிதம் எழுதுபவர் விசாரித்த அப்பகுதிவாசிகளுள் ஒருவரும் அறியாதிருந்தது. அவ்வாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் மாறொளிர் விண்மீன் ஒன்றை, அதாவது ஒளி கூடியும் குறைந்தும் தோன்றும் விண்மீனை, கண்டறிந்தவர். பள்ளிகள் மாணவர்களை அத்தூணுக்கு அழைத்துச் செல்லலாம். தங்கள் இதழும் காற்றின் திசை, மேக வகை, இரவில் தெரியும் விண்மீன்கள் ஆகியவற்றை வாரந்தோறும் ஒரு பத்தியில் வெளியிடலாம், ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பாதி போதும்.

வாசகர் ஒருவர், சென்னை