காற்று இல்லாத நாளுக்கு ஒதுக்கிய ஊர்

என் பேரன் ஜூலையில் மொரீஷியஸ் போகிறான். பெரிய காற்றாடியை இடுப்பில் மாட்டிக்கொண்டு, பலகைமேல் நின்று கடலில் சறுக்கும் விளையாட்டுக்கு. கைட்சர்ஃபிங் என்கிறார்கள். திட்டத்தை அச்செடுத்துக் காட்டினான். பத்து நாளும் லெ மோர்ன் கடற்கரை. ஊர் பார்ப்பதற்கு நேரே ஒரே வரி: 'காற்று இல்லாத நாளில்.'

முப்பது வருஷம் கோப்பு பார்த்த கண் எனக்கு. அந்த வரி உடனே உறுத்தியது. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்கிழக்குக் காற்றுக் காலம். அதற்காகத்தானே ஜூலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறான்? காற்று வீசும் மாதமாகப் பார்த்துப் போய்விட்டு, காற்று நிற்கும் நாளுக்கு ஊரை ஒதுக்குவது, மார்ச் 31-ஆம் தேதி சரண்டர் செய்வதற்கென்றே பட்ஜெட்டில் பணம் போடுவது போல. ஒதுக்கீடு உண்டு, செலவு கிடையாது.

"கடலில் குதிக்காதே, கோயிலுக்குப் போ" என்று சொல்கிற கிழவன் இல்லை நான். நன்றாகச் சறுக்கட்டும். ஒரு நாட்டையே மழைக்கு ஒதுங்கும் திண்ணையாக்குகிற அந்தத் திட்டத்தோடுதான் என் சண்டை.

அவன் சறுக்கப்போகும் இடத்துக்குப் பின்னால் நிற்கிறது லெ மோர்ன் மலை. நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் 'மோர்ன்' என்றால் சோகம் கவிந்தது என்று பொருள். தீவுகளில் குன்றுக்கும் அதே சொல். இங்கே இரண்டும் பொருந்தும். தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது. 1835-இல் அடிமைமுறை ஒழிந்ததைச் சொல்ல வந்தவர்களை, தங்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்துச் செத்தார்கள் என்று அவ்வூரார் வழிவழியாகச் சொல்கிறார்கள். 2008-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவர்களுக்கு அது போட்டோவுக்குப் பின்னணி.

நமக்கும் அங்கே கணக்கு உண்டு. 1735-இல் அந்தத் தீவுக்குக் கவர்னராகப் போன லபூர்தொனே, நம்மூர் வீதிக்குப் பெயர் தந்த அதே மனிதர், கட்டட வேலைக்குப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களும் நம் கரையிலிருந்து போனார்கள். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகள். ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் கரையேறிய ஆப்ரவாசி காட், போர்ட் லூயியில் இன்றும் இருக்கிறது. அந்நாட்டு ரூபாய் நோட்டில் இன்றும் தமிழ் எழுத்து இருக்கிறது. அதைக் கொடுத்துக் காற்றாடியை வாடகைக்கு எடுப்பவன், அந்த எழுத்து அங்கே எப்படி வந்தது என்று கேட்க வேண்டாமா?

பேனா எடுத்துத் திருத்தினேன். முதல் நாள் போர்ட் லூயி. இரண்டாம் நாள் வழிகாட்டியோடு மலை. மீதி எட்டு நாளும் காற்றுக்கு.

"ரெண்டு நாள் காத்து வீணாப் போயிடுமே தாத்தா!"

"எட்டு நாள் இருக்குதேடா."

இன்னும் அவன் ஒப்புக்கொள்ளவில்லை. டிக்கெட் பணத்தில் பாதி என்னுடையது. அதுவரை கோப்பு என் மேசையில்தான் இருக்கும்.