பாரித்சு எனும் பொய்ப்பெயர்

ஓர் எழுத்துப் பிழைத்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நம்மிடம் எள்ளி நகையாடுவார்க்கு ஒரு மெய்ந்நிகழ்ச்சியைக் காட்டுவோம்.

எட்வர்டு பார்தன் இரைட்டு என்னும் ஆங்கிலப் பொறிஞர் சப்பானில் தங்கி, அந்நாட்டாரின் சூசித்சு மற்போரைக் கற்றார். அதனொடு கைக்குத்து, பிரெஞ்சுக் காலுதை, கைத்தடி வீச்சு ஆகியவற்றைப் பிசைந்து, 1898-இல் இலண்டன் திரும்பிப் 'பார்தித்சு' என்றார். தம் பெயரின் தலையைச் சப்பானியச் சொல்லின் வாலில் ஒட்டிய ஒட்டுச்சொல் அது! மல்லோ சப்பானியருடையது, அவர் கூடத்தில் அதைக் கற்பித்த யூக்கியோ தானியும் சப்பானியரே. பெயர் மட்டும் ஆங்கிலரது. என்னே முறைமை!

அவ்வொட்டேனும் நிலைத்ததா? 1902-இல் கூடம் மூடப்பட்டது. 1903-இல் கோனான் தாயில் எழுதிய கதையில், துப்பறிவாளன் செர்லாக்கு ஓம்சு அருவி விளிம்பில் பகைவன் பிடியினின்று நழுவியது 'பாரித்சு' என்னும் சப்பானிய மற்போரால் என்று வந்தது. அப்பெயரில் ஒரு கலை சப்பானில் இல்லவே இல்லை. (1901-இல் இலண்டன் நாளிதழ் ஒன்றும் இதே பிழையைச் செய்தது, கதைஞர்மேல் மட்டும் பழி சுமத்துவானேன்?)

பிழை வாழ்ந்தது, மெய் மறைந்தது. கதை படித்தோர் இல்லாத பாரித்சுவைத் தேடினர், பயிலவும் விழைந்தனர். பார்தன் பழைய இதழ்களில் எழுதிய கட்டுரைகளைத் தோண்டியெடுத்த பின்னரே உண்மைப் பெயரும் பிடிகளும் தெளிவாயின. 2002-இல் அதனை மீட்கக் கழகமும் எழுந்தது. நூறாண்டுக் குழப்பம், ஓர் எழுத்தால்!

பார்தனோ 1951-இல் வறியவராய் மாய்ந்தார். அவர் புதைகுழிமேல் பெயரே பொறிக்கப்படவில்லை.