கனமானது முந்துமா?

ஒரு ரூபாய் நாணயத்தையும் சிறு காகிதத் துண்டையும் ஒரே உயரத்திலிருந்து விடுங்கள். நாணயம் முந்தும், காகிதம் அசைந்தாடிப் பின்தங்கும். கனமான பொருளே விரைந்து விழும் என்ற அரிஸ்டாட்டிலின் கூற்றைப் பலரும் பன்னூறு ஆண்டுகள் நம்பியதில் வியப்பில்லை. கண் அப்படித்தான் சாட்சி சொல்லுகிறது.

இப்போது காகிதத்தை நாணயத்தினும் சற்றுச் சிறிய வட்டமாக வெட்டி, அதன்மேல் படிய வைத்து, நாணயம் கவிழாதவாறு கிடையாக விடுங்கள். இரண்டும் ஒன்றாகவே தரை சேரும். (பசை தடவியிருப்பதாகப் பிள்ளைகள் ஐயுறுவார்கள், அவர்களையே செய்யச் சொல்லுங்கள்.) எதிர்ப்படும் காற்றை நாணயம் விலக்கிவிடுவதால் காகிதத்துக்குத் தடையில்லை.

காற்றில்லாத சந்திரனில், 1971 ஆகஸ்டு 2 அன்று, அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட் 1.3 கிலோ சுத்தியலையும் வல்லூற்றின் இறகொன்றையும் ஒருங்கே கைவிட்டார். இரண்டும் ஒருசேர நிலத்தைத் தொட்டன.