பாகற்காய் பொடி விற்கிறீர்களா? பாக்கெட்டில் 'சர்க்கரை நோய் குணமாகும்' என்று போடாதீர்கள்

பாகற்காய் விலை இறங்கும்போது வற்றல், பொடி என்று மாற்றி விற்பது நல்ல யோசனைதான். விருத்தாசலம் பகுதி விவசாயிகளும் மகளிர் குழுக்களும் தாராளமாகச் செய்யலாம். சிக்கல் பாக்கெட்டில் எழுதும் வாசகத்தில்தான் வருகிறது. 'சீன மருத்துவத்திலேயே சொல்லியிருக்கிறது, சர்க்கரை குணமாகும்' என்று யாராவது எழுதித் தந்தால் அப்படியே அச்சடித்துவிடாதீர்கள்.

சீனாவில் லி ஷிசென் எழுதி 1596-ல் வெளிவந்த 'பென்ட்சாவோ காங்மு' என்ற மருத்துவ நூலில் பாகற்காய் இருக்கிறது. உடல் சூட்டைத் தணிக்கும், களைப்பைப் போக்கும், கண்ணுக்கு நல்லது என்பவைதான் அங்கே காய்க்குச் சொல்லும் குணங்கள். சீனர்களுக்கு அது கோடைக்கு ஏற்ற குளிர்ச்சியான காய். நம் ஊரிலோ பாகல் சூடு என்பார்கள். நாட்டு மருந்து சாப்பிடும்போது மருந்தை முறிக்கும் என்று விலக்கவும் சொல்வார்கள். காய் ஒன்றுதான், கணக்கு வேறு!

சர்க்கரையைக் குறைக்குமா என்று இன்றைய மருத்துவமும் பார்த்திருக்கிறது. 479 பேரிடம் நடந்த 4 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, போதிய ஆதாரம் இல்லை என்று 2012-ல் சொன்னது. ஆகவே வீட்டில் யாருக்காவது சர்க்கரை இருந்தால் பொடியை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். மாத்திரையோடு பாகல் சாற்றையும் நிறையக் குடித்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். குழம்பு, பொரியலாகச் சாப்பிடுவது வேறு விஷயம்.

சட்டமும் இருக்கிறது. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. நோய் தீர்க்கும் விளம்பரங்களுக்காக பதஞ்சலி போன்ற பெரிய நிறுவனமே 2024-ல் உச்ச நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது.

எனவே 'பாகற்காய் பொடி', எடை, தயாரித்த தேதி, உங்கள் முகவரி, உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எண் ஆகியவற்றைப் போடுங்கள். காய வைத்தால் காய் சுருங்கும், அதில் ஒட்டிய மருந்து எச்சம் சுருங்காது. அதனால் பொடிக்கென்று விடும் காயில் பழ ஈக்கு மருந்தடிப்பதைக் குறைத்து, கியூலூர் பொறி வையுங்கள். ஈ குத்தி விழுந்த காய்களைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். எத்தனை பொறி, எப்போது வைப்பது என்பதை விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.