சாட்சியை முழுதாக விசாரியுங்கள்

2015இல் ஜெர்மனி அகதிகளுக்குக் கதவைத் திறந்தது, மறு ஆண்டே பெர்லின் கிறிஸ்துமஸ் சந்தைக்குள் லாரி பாய்ந்தது. அகதிகள் ஆபத்து என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று அவர்களை எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். அந்தச் சாட்சியையாவது முழுதாக விசாரித்திருக்கலாம். லாரியை ஓட்டிய அனிஸ் அம்ரி துனீசியாக்காரன். இத்தாலியில் சிறையில் இருந்தவன். 14 பெயர்களில் உலவியவன். ஜெர்மனியில் புகலிட மனு தள்ளுபடியாகி, ஆபத்தானவன் என்று போலீஸ் பட்டியலிலும் ஏறியவன். துனீசியாவிலிருந்து உரிய காகிதம் வராமல் திருப்பி அனுப்புவது இழுத்துக்கொண்டே போனது. இதில் சிரியாவின் அலெப்போவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் செய்த குற்றம் எது?

லாரி பாய்ந்த அதே ஆண்டு அக்டோபரில் நடந்ததை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள். ஜாபர் அல்பக்ர் சிரியாவிலிருந்து அகதியாக வந்தவன்தான், மறைக்க ஒன்றுமில்லை. கெம்னிட்ஸ் நகரில் வெடிபொருளை விட்டுவிட்டுப் போலீசிடமிருந்து நழுவினான். லைப்சிக்கில் அவனுக்குப் படுக்க இடம் கொடுத்த சிரியாக்காரர்கள், தேடப்படுபவன் என்று தெரிந்ததும் மின்கம்பியால் கட்டிப்போட்டார்கள். போலீசிடம் போனில் பேசினால் மொழி தகராறு. ஒருவர் அவன் படத்தைச் செல்போனில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கே போய்க் காட்டினார். பெரும் படையோடு தேடிய போலீஸ் வந்து வாங்கிக்கொண்டு போனது.

2015 பாரிஸ் தாக்குதலையும் காட்டுகிறார்கள். அதில் அகதிகளோடு கலந்து வந்த சிலர் உண்டு. ஆனால் பெரும்பாலோர் பிரான்ஸ், பெல்ஜியம் குடிமக்கள். பெல்ஜியக்காரர் அத்தனை பேரையும் சந்தேகிக்கலாமா?

பயம் நியாயம்தான். அப்படியானால் கைரேகையை நாடுவிட்டு நாடு ஒப்பிடச் சொல்லுங்கள், மனுவை ஆண்டுக்கணக்கில் போட்டுவைக்காதே என்று கேளுங்கள். அகதி முகாம் வாசலில் போய்க் கத்தாதீர்கள்.